தளபதி சோபாவை விட்டு எழுந்ததில்லை

மனிதரில் ஒரு வகை உண்டு. இவர்கள் போருக்குப் போனதே இல்லை. போரிலிருந்து திரும்பி வந்ததும் இல்லை. இருபத்து நான்கு மணி நேரமும் அங்கேயே இருப்பார்கள். இவர்களைப் பார்க்க நீங்கள் எல்லைக்குப் போய்ச் சிரமப்பட வேண்டாம். உங்கள் கட்டடத்தில் ஒருவர் இருப்பார், அலுவலகத்தில் இரண்டு பேர் இருப்பார்கள், பேருந்தில் உங்கள் விலாவில் முழங்கையை இடித்துக்கொண்டே ஒருவர் வருவார். கைபேசியைக் குறுக்கே திருப்பி இரண்டு கையாலும் பிடித்திருப்பார், கட்டைவிரல்கள் துடித்துக்கொண்டிருக்கும், கீழுதடு கொஞ்சம் தொங்கும், திடீரென்று உடம்பு முழுதும் ஒரு பக்கமாகச் சாயும். மயக்கமோ என்று பதறித் தண்ணீர் தேடாதீர்கள். குண்டுக்கு விலகுகிறார், அவ்வளவுதான்.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் சோபாத் தளபதி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அரை மணி நேரம் திரையில் எதையாவது சுட்டுத் தள்ளிவிட்டுத் தூங்கப் போகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பாவம், அவர்களுக்கும் மேலதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் விளையாடுகிறார்கள், விளையாட்டு என்று தெரிந்து விளையாடுகிறார்கள். சோபாத் தளபதி விளையாடுவதில்லை. சேவை செய்கிறார்.

அவரைப் படைத்தது அரசாங்கம். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் பாதுகாப்புத் துறை ‘எல்லைக் கவசம்’ என்று ஒரு கைபேசி விளையாட்டை வெளியிட்டது. முழுக்க இலவசம். இந்த அரசாங்கத்திடம் பிறந்ததற்குச் சான்று வாங்கப் போனாலே நாக்குத் தள்ளிவிடும். அது இலவசமாக ஒன்றைத் தருகிறது என்றால் அப்போதே நாங்கள் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதிப் போட்டால் எட்டு மாதம் கழித்து, தங்கள் கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வரும். விளையாட்டில் ஒரு துப்பாக்கி சரியாகச் சுடவில்லை என்று புகார் போனால் மறுநாள் விடிவதற்குள் சரியாகிவிடும். ஆக, முடியாமல் இல்லை. எங்கள் தெருவிளக்கால் யாரையும் சுட முடியாது, அதுதான் குறை.

எதிரி யார்? ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு இருக்கிறது. அதை நாங்கள் அக்கரை என்போம். அவர்கள் எங்களை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு நாங்கள்தான் அக்கரை. விளையாட்டில் அந்த நாட்டின் பெயரே வராது, நாகரிகம் பாருங்கள், ‘பகை நாடு’ என்று மட்டும்தான் வரும். ஆனால் ஆறு அதே இடத்தில் வளையும், பாலம் அதே பாலம், வீரர்களின் பச்சைத் தொப்பி அதே தொப்பி. எதிரிகளுக்கு மொத்தம் மூன்று முகங்கள். மீசைக்காரன், தழும்புக்காரன், சிரிக்கிறவன். மூன்று முகத்துக்கு மேல் செலவு செய்ய அரசாங்கத்துக்கு மனம் வரவில்லை. இந்த மூவரில் சிரிக்கிறவன்தான் அதிக ஆபத்தானவன் என்று முதல் நிலையிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவர்களில் ஒருவனுக்கும் சரணடையத் தெரியாது. கையை உயர்த்தும் அசைவையே யாரும் அவர்களுக்கு எழுதி வைக்கவில்லை. நம் வீரன் அடிபட்டு விழுந்தால் பன்னிரண்டு நொடியில் எழுந்துவிடுவான். அவர்கள் விழுந்தால் புகையாகிவிடுவார்கள். பிணம் கிடையாது, அழுகிற வீடு கிடையாது, துடைக்க வேண்டிய ரத்தமும் கிடையாது. இவ்வளவு சுத்தமான போரை நான் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் படித்ததில்லை.

சோபாத் தளபதியை அடையாளம் காண்பது எளிது. அவர் ‘நான்’ என்று சொல்ல மாட்டார், ‘நாம்’ என்பார். நாம் நேற்றுப் பாலத்தைப் பிடித்துவிட்டோம், நாம் தெற்கே கொஞ்சம் பின்வாங்கியிருக்கிறோம், அதை யாரிடமும் சொல்ல வேண்டாம். செய்தியில் இரண்டு நாட்டு அமைச்சர்கள் கைகுலுக்கினால் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரிப்பார். களத்தில் நிற்கிறவனுக்கல்லவா தெரியும் என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். சுவர் ஒப்புக்கொள்ளும். போன வருடம் இரண்டு அரசாங்கங்களும் ஒன்பது நாள் பேச்சுவார்த்தை நடத்தின. மரியாதைக்காக அந்த ஒன்பது நாளும் விளையாட்டை மூடி வைத்தார்கள். தளபதிகள் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச்சு முறிந்தது என்று செய்தி வந்த அன்று மாலைதான் அவர்கள் முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியது.

எங்கள் ஆறு மாடிக் கட்டடத்தில், ஐந்தாம் மாடியில், இந்த இனத்தின் ஒரு முதல் தரமான மாதிரி குடியிருக்கிறது. நாற்பத்தாறு வயது. குளியலறை டைல்ஸும் கழிவறைச் சாமான்களும் விற்கிற பெரிய கடையில் மேற்பார்வையாளர். மதிய இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடப் போனதும், பார்வைக்கு வைத்திருக்கும் பீங்கான் பீடங்களில் வசதியான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூடியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொள்வார். அந்தப் புகழ்பெற்ற வடக்குப் பாலம் அங்கே உட்கார்ந்துதான் பிடிக்கப்பட்டது. ஒரு முறை ஒரு தம்பதி இளம்பச்சை டைல்ஸை விரும்பிக் கேட்டிருக்கிறார்கள். அது பகைவர் தொப்பியின் நிறம், தினமும் காலையில் அதன் முகத்தில் எப்படி விழிப்பீர்கள் என்று இவர் கேட்க, அவர்கள் ஒன்றும் புரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கடைசியில் காவி கலந்த பழுப்பை வாங்கிப் போனார்களாம். இதை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

வீரத்துக்குக் குறைவில்லை. இரண்டாம் மாடியில் ஒரு வயதான நாய் இருக்கிறது. பாதி நாள் அதற்குக் குரைக்கவே தெம்பிருக்காது. அது படிக்கட்டில் படுத்திருந்தால் தளபதி அந்த வழியாக இறங்க மாட்டார். லிப்ட்டுக்குக் காத்திருப்பார்.

வீட்டில் அவருக்கென்று மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று. மூன்று இடத்தையும் அவரே பிடித்திருந்தார். அதுவும் ஒரு ஆக்கிரமிப்புதான். காதில் ஹெட்போன், மடியில் தலையணை, பக்கத்தில் சார்ஜர். டீயைப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தால் நன்றி சொல்ல மாட்டார், ‘சப்ளை வந்தாச்சு’ என்பார். அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவர். நாள் முழுக்க வாயைத் திறந்தவர்களையே பார்த்து வருவதால் வீட்டில் அதிகம் வாயைத் திறப்பதில்லை. ஒரு நாள் மட்டும் நான் வாசலில் நிற்கும்போது சொன்னார்.

“எல்லையைக் காப்பாத்திட்டீங்கன்னா வந்து இந்த கேஸ் சிலிண்டரைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுங்க.”

தளபதிக்கு அது காதில் விழவில்லை. விழாததில் அவருக்குத் தேர்ச்சி அதிகம்.

இனி, அந்த வீட்டில் இருந்த இன்னொருவர். தளபதியின் அண்ணன். மனைவி இறந்த பிறகு தம்பியோடு வந்து தங்கியவர். வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் உண்மையிலேயே ராணுவத்தில் இருந்தவர் அவர்தான். லாரி ஓட்டினார். ஆற்றங்கரையில் இரண்டு வருடம். வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. கண்ணிவெடி. அக்கரைக்காரர்கள் வைத்ததா என்று நான் ஒரு முறை கேட்டுத் தொலைத்தேன். இல்லை, நம்மவர்கள் வைத்ததுதான், எங்கே வைத்தோம் என்று குறித்திருந்த வரைபடம் தொலைந்து போயிற்று என்று, பேருந்து தாமதமாக வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார். செயற்கைக் கால் ஒன்று உண்டு. உரசிப் புண்ணாகும் என்பதால் வெளியே போகும்போது மட்டும் மாட்டிக்கொள்வார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத் தம்பி போர் சொல்லிக்கொடுப்பார். அன்றைக்கு வண்டியை இடது பக்கம் ஒடித்திருக்க வேண்டும் அண்ணே, பத்தாம் நிலையில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம் என்பார். அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். எரிச்சல் தாங்காமல் ஒரு நாள் நான்தான் குறுக்கே புகுந்தேன். அக்கரைக்காரர்களை நேரில் பார்த்தவர் நீங்கள்தானே, எப்படி இருப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்களேன் என்றேன்.

“ரெண்டு வருஷம் இருந்தேன் சார். ஒருத்தன் முகத்தைக்கூடப் பார்க்கல. சத்தம்தான் வரும். நான் கிட்டத்துல பார்த்த முதல் அக்கரைக்காரர் நம்ம லிப்ட்காரர்தான்.”

ஆம், எங்கள் கட்டடத்தில் ஓர் அக்கரைக்காரர் இருந்தார். தரைத்தளத்தில், மின்மீட்டர்களுக்குப் பின்னால் இருக்கும் சின்ன வீட்டில். இரண்டு நாடுகளும் கொஞ்சம் நட்பாக இருந்த காலத்தில் எங்கள் லிப்ட்டை அக்கரையிலிருந்துதான் வாங்கினார்கள். அதைப் பொருத்த வந்த ஆட்களில் ஒருவர் இங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். அந்த அம்மா திரைச்சீலை தைக்கிறவர். இருபத்தாறு வருடமாக எங்கள் தெருவில் இருக்கும் ஒன்பது லிப்ட்டுகளுக்கும் அவர்தான் வைத்தியர். ஒவ்வொரு வருடமும் அயல்நாட்டார் பதிவு அலுவலகத்தில் போய் முத்திரை வாங்கி வருவார். அந்த முத்திரை இருந்தால்தான் அவர் இங்கே இருக்கலாம். லிப்ட்டுக்குள் தயாரித்தவர் பெயர் அக்கரை எழுத்தில் பொறித்திருந்தது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் அதைப் பார்க்கத் தளபதிக்கு ரத்தம் கொதித்தது. லிப்ட்டில் ஏறாமல் இருக்கும் அளவுக்குக் கொதிக்கவில்லை; அந்த எழுத்தின் மேல் நம் கொடியை ஒட்டும் அளவுக்குக் கொதித்தது. ஒட்டிய இடத்தில்தான், ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்ற எச்சரிக்கையும் இருந்தது.

லிப்ட்காரர் வேலை பார்க்கும் விதம் தனி. வயதான லிப்ட் திடீரென்று நிற்காது, நிற்பதற்கு ஒரு மாதம் முன்பே முனக ஆரம்பித்துவிடும் என்பது அவர் கட்சி. அதனால் லிப்ட் பெட்டியின் கூரை மேல் ஏறி நின்றுகொண்டு, வாயில் ஒரு சின்ன டார்ச்சைக் கவ்விக்கொண்டு, உள்ளங்கையை இரும்புக் கயிற்றில் வைத்தபடி மெதுவாக மேலும் கீழும் போய்வருவார். இறங்கி வந்ததும் ஒரு நோட்டில் எழுதுவார். எந்த மாடியில் என்ன சத்தம், எந்த மணிக்கு எத்தனை பேர் ஏறினார்கள், எந்தக் கதவு எத்தனை நொடி திறந்திருந்தது. சில நாள் காலையில் வாசலில் நின்று, உதடு அசைய ஆட்களை எண்ணிக்கொண்டிருப்பார். சுமை தெரிந்தால்தானே கயிற்றின் ஆயுள் தெரியும். இருபத்தாறு வருட நோட்டுகள், எல்லாம் அவருடைய அக்கரை எழுத்தில். தளபதியின் அண்ணனுக்கு அவரோடு நல்ல சிநேகம். தினமும் நான்கு மணிக்கு அண்ணன் லிப்ட்டில் இறங்கி வருவார், இரண்டு பேரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு சிகரெட் பிடித்தபடி எதிரே நிற்கும் வண்டிகளின் இன்ஜின்களைப் பற்றிக் குறை சொல்வார்கள்.

இப்போது எல்லைக் கவசத்தின் பதினான்காம் நிலைக்கு வருவோம். அதன் பெயர் ‘ஒற்றனைக் கண்டுபிடி’. கூட்டமான தெருவில் ஒற்றன் ஒருவன் நடமாடுவான். அவனுக்கு நான்கு அடையாளங்கள். கையில் நோட்டு, சின்ன டார்ச், எண்ணுகிற உதடு, அடிக்கடி கட்டடத்தை அண்ணாந்து பார்க்கிற பார்வை. நான்கையும் கண்டுபிடித்தால் அடுத்த நிலைக்குப் போகலாம்.

தளபதி அந்த நிலையில் பதினேழு நாள் கிடந்தார். பதினெட்டாம் நாள் காலை, லிப்ட்டில் என்னோடு இறங்கும்போது, குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

“கவனிச்சீங்களா சார்? நான் ஏழேகாலுக்குக் கிளம்பினா அந்த ஆளு வாட்சைப் பார்த்து எழுதறான்.”

“அவர் லிப்ட் மெக்கானிக்.”

“அதான் சார். ஒற்றன் எப்பவும் ஏதாவது வேலை பார்க்கிறவனாத்தான் இருப்பான்.”

“இருபத்தாறு வருஷமாப் பார்க்கிறாரே.”

“எவ்வளவு பொறுமை பாருங்க.”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அலுவலகம் போய், மதியம் நான்கு பேரிடம் இதைச் சொல்லி மறுபடியும் சிரித்தேன். அன்றைக்குச் சிரிப்பதைத் தவிர வேறு ஏதாவது செய்திருக்கலாம்தான்.

பாதுகாப்புத் துறை போன வருடம் விளையாட்டில் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தது. ‘கழுகுக் கண்’ என்று பெயர். அதில் வருவது விளையாட்டு எதிரி இல்லை. உங்கள் தெருவில் சந்தேகப்படும்படியாக யாராவது தென்பட்டால் படம் எடுத்து அனுப்பலாம். அனுப்பினால் புள்ளிகள். எதிரியைச் சுட்டாலும் புள்ளி, பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பினாலும் புள்ளி. இரண்டும் ஒரே கணக்கில்தான் ஏறும். லிப்ட்காரர் டார்ச்சைக் கவ்விக்கொண்டு பெட்டியின் மேல் நிற்கும் படம் ஒன்று, நோட்டில் எழுதும் படம் ஒன்று, வாயைக் குவித்து எண்ணும் படம் ஒன்று. விளையாட்டில் அதுவரை மேஜராக இருந்த எங்கள் தளபதி அந்த வாரமே கர்னல் ஆனார். பதவி உயர்வுக்கு விளையாட்டில் ஊதிய சங்கு ஐந்தாம் மாடி முழுக்கக் கேட்டது. அடுத்த நாள் கடைக்குப் போய் ஒரு தொப்பியும் வாங்கி வந்தார்.

மூன்று வாரம் கழித்து லிப்ட்காரருக்குத் தபால் வந்தது. பொதுமக்களிடமிருந்து கிடைத்த தகவலின் அடிப்படையில் இந்த வருடம் முத்திரை மறுக்கப்படுகிறது, முப்பது நாளில் நாட்டை விட்டு வெளியேற வேண்டும், ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் குடும்பத்தார் அல்லாத இந்நாட்டுக் குடிமகன் ஒருவர் நேரில் வந்து சாட்சி சொல்லலாம். அதுவரை எந்த இயந்திரத்தையும் தொடக்கூடாது. லிப்ட்காரர் அந்தக் கடிதத்தை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதில் எழுத்துப்பிழை எதையோ தேடுகிறவர் மாதிரி அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை. அடுத்த மாதம் தர வேண்டிய திரைச்சீலைகளையெல்லாம் இந்த மாதமே தைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அக்கரை மொழியில் ஒரு வார்த்தை தெரியாது.

லிப்ட் மூன்றாம் நாள் நின்றது. ஒன்றும் சதியில்லை, அன்றைக்கு எண்ணெய் விட வேண்டிய நாள், விட ஆளில்லை. வேறு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், நோட்டுகளைப் புரட்டினார்கள், எழுத்துப் புரியவில்லை என்று கதவைச் சாத்தி ஒரு பலகையைத் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள்.

சாட்சிக்கு யார் போவது? கட்டடத்தில் எல்லோருக்கும் லிப்ட்காரர் மேல் பிரியம் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் அந்த ஏழு நாளும் தலை போகிற வேலை இருந்தது. ஐந்தாம் நாள் தளபதியின் அண்ணன் செயற்கைக் காலைத் துடைத்து எடுத்து வைத்தார். அப்போது நடந்த பேச்சைத் தளபதியின் மனைவிதான் பிறகு என்னிடம் சொன்னார். அந்த அம்மா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். நீ அனுப்பியதைத் திரும்ப வாங்கிக்கொள் என்று அண்ணன் கேட்டிருக்கிறார். அந்த விளையாட்டில் அதற்கு வழியே இல்லை என்றிருக்கிறார் தம்பி. சரி, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடு, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றிருக்கிறார் அண்ணன். தளபதி ரொம்ப நேரம் யோசித்திருக்கிறார். உண்மையாகவே யோசித்தாராம், அந்த அம்மா அதை அழுத்திச் சொன்னார். யோசித்துவிட்டுச் சொன்ன பதில் இதுதான்.

“கர்னல் பதவி போயிடும் அண்ணே.”

ஐந்து மாடிக்கு நூறு படி. அண்ணன் உட்கார்ந்தபடியே இறங்கினார். ஒவ்வொரு படியிலும் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பைத் தூக்கி, அடுத்த படியில் வைத்து. செயற்கைக் காலை ஒரு துணியில் சுற்றித் தம்பி மனைவி தூக்கிக்கொண்டு முன்னால் போனார். தளபதி பின்னாலேயே வந்தார். தூக்குவதற்கு இல்லை. சுவரை ஒட்டியே வாருங்கள் அண்ணே, திருப்பத்தில் நிதானம், அதுதான் பாதுகாப்பான பாதை என்று வழி சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டாம் மாடியில் நாய் படுத்திருந்தது. மூன்றாம் மாடியோடு தளபதி திரும்பிவிட்டார்.

மூன்றாம் மாடியில் என் வீடு. கதவைத் திறந்தபோது அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, உள்ளங்கைகள் கறுத்திருந்தன. எனக்குத் தளபதி மேல் வந்த ஆத்திரத்தில் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அவரோடு கிளம்பினேன். நல்லவனாக இருப்பதற்கு அப்படி ஒரு வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. வழி முழுக்க டாக்சியில் சோபாத் தளபதிகளை விளாசித் தள்ளினேன். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இதில் பாதி அன்றைக்கு அந்த டாக்சியில் சொன்னதுதான். அண்ணன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பதிவு அலுவலகத்து அதிகாரி மரியாதையான மனிதர். அண்ணனின் ராணுவ அட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றார், நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். அண்ணன் சொன்னதையெல்லாம் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். லிப்ட்டுக்கு ஏன் ஆட்களை எண்ண வேண்டும் என்பதைக் கேட்டு, அப்படியா என்று உண்மையாகவே வியந்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

“ஒருத்தர் சொன்னதை வச்சு நாங்க இதைச் செய்யலைங்க. உங்க கட்டடத்துலயே நாற்பத்தோரு பேர் உறுதி செஞ்சிருக்காங்க.”

நாற்பத்தோரு முட்டாள்கள் என்றேன் நான். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அதிகாரி கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வீட்டு எண்கள் வரிசையாக இருந்தன. பல் மருத்துவமனை அம்மாவின் வீடு இருந்தது, நாய்க்காரர் வீடு இருந்தது, கட்டடச் சங்கத் தலைவர் வீடு இருந்தது. பத்தொன்பதாவது வரியில் மூன்றாம் மாடி, என் வீடு இருந்தது. தேதி, மணி, எல்லாம் சரியாக இருந்தது.

சொல்லிவிடுகிறேன். என் கைபேசியிலும் எல்லைக் கவசம் இருந்தது. இந்த இனத்தை ஆராய்வதற்காகத்தான் இறக்கினேன். ஆராய்ச்சி பதினோராம் நிலை வரை போயிருந்தது. ஒருவர் கழுகுக் கண்ணில் யாரையாவது அனுப்பினால், அந்தப் பகுதியில் இருக்கும் மற்றவர்களின் திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். ‘உங்கள் பகுதியில் பாதுகாப்புத் தகவல். உறுதி செய்கிறீர்களா?’ கீழே கட்டைவிரல் அளவுக்குப் பச்சையில் ‘ஆம்’. ஓரத்தில், கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற சாம்பல் நிறத்தில் ‘இல்லை’. யாரைப் பற்றிய தகவல் என்று பார்க்க இன்னொரு இடத்தில் அழுத்த வேண்டும். ‘ஆம்’ என்று அழுத்தினால் பெட்டி உடனே மறையும், இருபது தோட்டாவும் கிடைக்கும். நான் அப்போது பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். தோட்டா தீர்ந்துவிட்டது, சிரிக்கிறவன் எதிரே வந்துகொண்டிருந்தான்.

இவ்வளவையும் அந்த அலுவலகத்தில் வைத்து அண்ணனிடம் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். ஆராய்ச்சி என்ற வார்த்தையை இரண்டு தடவை சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். அவர் தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த படிக்கட்டு அழுக்கைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“பாலத்தைத் தாண்டிட்டீங்களா சார்?”

தாண்டியிருந்தேன்.

என் ‘ஆம்’-ஐத் திரும்பப் பெற அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். அதிகாரி வாங்கிக்கொண்டு, இப்போது நாற்பது என்று திருத்தினார். நாற்பதும் போதுமானதுதான் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். கட்டடத்தில் வீடு வீடாகப் போய் மற்றவர்களைக் கேட்டேன். முக்கால்வாசிப் பேருக்கு அப்படி எதையும் அழுத்தியதாகவே ஞாபகம் இல்லை. தாங்கள் அழுத்தாததை எப்படித் திரும்பப் பெறுவது என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான்.

முப்பதாம் நாள் காலை லிப்ட்காரரும் அவர் மனைவியும் போனார்கள். தையல் இயந்திரத்தை நானும் நாய்க்காரரும் வண்டியில் ஏற்றினோம். அண்ணனிடம் விடைபெற லிப்ட்காரர் ஐந்து மாடியும் நடந்து ஏறிப் போனார். இறங்கி வந்ததும், அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். வேறு ஏதாவது கேட்டிருக்கலாம். வாயில் அதுதான் வந்தது.

“அக்கா மருமகன் வீட்டுல கொஞ்ச நாள் இருக்கணும் சார். அவரும் இதே மாதிரி ஒண்ணு ஆடறார், அவங்க அரசாங்கம் விட்டது. அதுல நீங்கதான் எதிரி. முகமெல்லாம் இதே மூணு முகம்தான், தொப்பி மட்டும் வேற.” கொஞ்சம் நிறுத்தி, “இருபத்தாறு வருஷம் இங்க இருந்துட்டுப் போறேன். அங்க என்னை எந்தப் பக்கத்து ஆளுன்னு எடுத்துக்குவாங்கன்னு தெரியல,” என்றார்.

அண்ணன் அதற்குப் பிறகு கீழே இறங்கவில்லை. தளபதி இப்போது நூறு படியும் ஏறி இறங்குகிறார். மூச்சு வாங்க என் வாசலில் நிற்கும்போது, லிப்ட் நின்றதும் அக்கரைக்காரர்களின் திட்டம்தான், போகிற போக்கில் அந்த ஆள் ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்று விளக்குகிறார். நான் அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறக்கிறேன். நாற்பத்தொன்று என்ற எண் ஞாபகத்துக்கு வருகிறது, மூடிக்கொள்கிறேன்.

என்ன, சிரிப்பு வருகிறதா? உங்களுக்குத் தெரிந்த நான்கைந்து தளபதிகளின் முகம் வரிசையாக மனதில் வந்திருக்கும். இதை அவர்களுக்கு அனுப்பி வைக்கலாம் என்றுகூட நினைத்திருப்பீர்கள். அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு நிமிடம். உங்கள் கைபேசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும், ஒருவேளை அதில்தான் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். இந்த வாரம் எத்தனை பெட்டிகள் வந்து குறுக்கே நின்றன, எத்தனை தடவை, சனியன் தொலைந்தால் போதும் என்று ‘ஆம்’ என்று அழுத்தினீர்கள்? அதில் கடைசியாக அழுத்தியது எதற்கு, யாரைப் பற்றி என்று சொல்ல முடியுமா?

எனக்கும் சொல்ல முடியவில்லை. அதிகாரி காட்டித்தான் தெரிந்தது.